ஆங்கிலம் பேச எழுந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறதா? ராமநாதபுரம் கரையோரக் கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று கரையோர ஊர்களிலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வருகிறவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். கல்லூரிக்கு வந்ததும் செமினார், வைவா (வாய்மொழித் தேர்வு), கேம்பஸ் இன்டர்வியூ எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றன. வாசித்தால் புரிகிறது, தேர்வில் எழுதவும் முடிகிறது, எழுந்து நின்றால் மட்டும் வாய் திறப்பதில்லை. இது பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே உள்ளன. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். கண்ணால் மட்டும் வாசிக்காமல் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

எழுதினால் வருகிறது, பேசினால் வரவில்லை. ஏன்?

எழுதும்போது நிறுத்தி யோசிக்கலாம், அடித்துத் திருத்தலாம். பேசும்போது எதைச் சொல்வது, எந்தச் சொல்லைப் போடுவது, எந்த வரிசையில் வைப்பது, எப்படி உச்சரிப்பது என்ற நான்கு வேலையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். ஒரு நேரத்தில் மனம் பிடித்து வைத்திருக்கக்கூடியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச இடத்தில் "தப்பாச் சொன்னா சிரிப்பாங்களோ" என்ற நினைப்பும் வந்து உட்கார்ந்தால், தெரிந்த சொல்லே கிடைக்காது. பெஞ்சில் உட்கார்ந்த மறு நிமிடம் அதே சொல் தானாக வந்து நிற்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். சொல் எங்கும் போய்விடவில்லை. தேடி எடுக்க அப்போது இடம் இல்லை.

தமிழிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. "நேத்து கரைக்கு வந்த விசைப்படகுல கணவாய் நிறைய இருந்துச்சு" என்று நாம் சொல்கிறோம். படகைப் பற்றிய செய்தி படகுக்கு முன்னால் வருகிறது, வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் "த போட் தட் கேம் யெஸ்டர்டே ஹேட் எ லாட் ஆஃப் ஸ்க்விட்" என்று ஏறக்குறைய தலைகீழாகிவிடும். தமிழில் முழு வாக்கியத்தையும் கட்டிவிட்டு மொழிபெயர்க்கப் பார்த்தால், கடைசியில் இருப்பதை முன்னுக்குக் கொண்டுவரும் வேலையிலேயே மூச்சு நின்றுவிடும். அதனால் முதல் சில மாதங்களுக்கு ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் போகாத வாக்கியங்களே போதும். யார் அல்லது எது என்று சொல்லுங்கள், உடனே வினையைச் சொல்லுங்கள், மற்றதைப் பின்னால் சேருங்கள். "த போட் கேம் யெஸ்டர்டே. இட் ஹேட் எ லாட் ஆஃப் ஸ்க்விட்." இரண்டு வாக்கியமாகப் பிரித்ததில் எந்தக் குறையும் இல்லை.

எனக்கு இருப்பது பயமா, ஆங்கிலக் குறைவா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே தலைப்பை மூன்று விதமாகப் பேசிப் பாருங்கள். முதலில் யாரும் இல்லாத இடத்தில் ஃபோனில் பதிவு செய்துகொண்டு இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில். பிறகு அதையே ஒரு வகுப்புத் தோழர் முன்னால் ஆங்கிலத்தில். கடைசியாக ஏழெட்டுப் பேர் முன்னால் தமிழில்.

தனியாகப் பேசும்போது ஓரளவு வந்து, ஆள் முன்னால் உடைந்துபோனால் அது ஆங்கிலத்தில் பேசும் பயம். தனியாகவே நாலு வாக்கியத்துக்கு மேல் ஓடவில்லை என்றால் சொல்வளமும் வாக்கியப் பழக்கமும் குறைவு. அதற்கு மூச்சுப் பயிற்சி உதவாது, தினமும் கேட்பதும் வாசிப்பதும்தான் உதவும். தமிழில் பேசும்போதும் அதே நடுக்கம் வந்தால் அது பொதுவான மேடைக்கூச்சம், ஆங்கிலத்தின் மேல் பழி போட வேண்டாம். பெரும்பாலும் இரண்டு கலந்துதான் இருக்கும். எது அதிகம் என்று தெரிந்தால் எங்கே நேரத்தைச் செலவிடுவது என்று தெரியும்.

இந்தப் பயத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்து, அளக்க ஒரு வினாப்பட்டியலை 1986-இல் அமெரிக்காவில் எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். அதில் 33 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பிறரோடு பேசுவதில் உள்ள தயக்கம், தேர்வு பயம், நம்மைக் குறைவாக எடைபோடுவார்களோ என்ற பயம் ஆகிய மூன்றையும் அவர்கள் இதோடு தொடர்புபடுத்தினார்கள். கரையோர மாணவர்களோடு பேசிப் பார்த்தால் மூன்றாவதுதான் அதிகம் கனக்கிறது என்பது எங்கள் கணிப்பு. ஊரும் உறவும் நெருக்கமாக இருக்கிற இடத்தில், வகுப்பில் நடந்த தடுமாற்றம் பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

எழுந்ததும் நெஞ்சு படபடக்கிறது, வாய் வறண்டுவிடுகிறது. அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

ஆபத்து என்று உடல் நினைத்தால் அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும், எச்சில் குறையும், மூச்சு மேலோட்டமாகும், கை நடுங்கும். ஓடுவதற்கான ஏற்பாடு இது. பேசுவதற்கு இடைஞ்சல்தான், உடம்புக்குக் கெடுதல் இல்லை.

முறை வருவதற்கு மூன்று நிமிடம் முன்பே தொடங்குங்கள். மூக்கு வழியாக மனதுக்குள் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஒரு சுற்று 10 விநாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். "நல்லா மூச்சை இழு, நல்லா இழு" என்று யாராவது சொல்வதைக் கேட்டு வேகவேகமாக ஆழமாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பயம் கூடிவிடும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

இரண்டு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். ஒற்றைத் தாளைக் கையில் பிடிக்க வேண்டாம். சின்ன நடுக்கத்தையும் அது படபடவென்று காட்டிக்கொடுக்கும். நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்துப் பிடியுங்கள் அல்லது தடித்த அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு வழக்கத்தை விட அதிகமாகக் காபி, டீ குடிக்காதீர்கள்.

"பயப்படாதே, பயப்படாதே" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்வது பெரிதாக உதவாது. அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பேசும் முன் "அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களை விட "ஐ ஆம் எக்ஸைட்டட்" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடக்கும் உடம்பை அமைதிக்குக் கொண்டுவருவது கடினம், அதே படபடப்பை ஆர்வம் என்று எடுத்துக்கொள்வது சுலபம். திருவிழாவில் தேர் கிளம்பும் நேரத்திலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கிறது.

என் நடுக்கம் எல்லாருக்கும் தெரிகிறதா?

நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தெரிவதில்லை. உள்ளே நடப்பது வெளியே அப்படியே தெரிகிறது என்று மனிதர்கள் மிகையாக நினைத்துக்கொள்கிறார்கள் என்பதை உளவியல் ஆய்வாளர்கள் கிலோவிச், சாவிட்ஸ்கி, மெட்வெக் ஆகியோர் 1998-இல் காட்டினார்கள். 2003-இல் இன்னொரு சோதனை: இந்த உண்மையைப் பேச்சுக்கு முன்பே எடுத்துச் சொன்னபோது, அதைக் கேட்டவர்கள் மற்றவர்களை விட நன்றாகப் பேசினார்கள். சந்தேகமாக இருந்தால் உங்கள் செமினாரை நண்பரிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லி ஒரு முறை பாருங்கள். கால் நடுங்கியது உங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது? நேராக செமினார் கொடுத்தால் பயம் போய்விடாதா?

போகாது. பல சமயம் கூடிவிடும். நீச்சல் தெரியாத பிள்ளையை ஆழத்தில் தள்ளிவிட்டால் அது கற்றுக்கொள்வது நீச்சலை அல்ல, தண்ணீர் பயத்தை. பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருப்பதும் அதே தவறுதான். பேசாமல் கழியும் ஒவ்வொரு நாளும் பயத்துக்குத் தீனி. அளவு வைத்துப் பேச வேண்டும். அதற்கு ஒரு படிவரிசை தேவை.

ஒரு தாளில் உங்களைப் பயமுறுத்தும் பேச்சுச் சூழல்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பய மதிப்பு போடுங்கள். குறைவிலிருந்து அதிகத்துக்கு அடுக்குங்கள். அடுத்தடுத்த படிகளுக்கு நடுவில் 10 அல்லது 15-க்கு மேல் இடைவெளி இருந்தால் நடுவில் ஒரு படி செருகுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

தனியாக ஃபோனில் ஒரு நிமிடம் பதிவு செய்வது. அதை முழுதாகத் திரும்பக் கேட்பது (சிலருக்குப் பேசுவதை விட இது கடினம், தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்கும், நாலைந்து நாளில் பழகிவிடும்). நம்பிக்கையான ஒருவருக்கு 30 விநாடி வாய்ஸ் மெசேஜ். அவரோடு நேரில் இரண்டு நிமிடம். நான்கு பேர் வட்டத்தில் உட்கார்ந்தபடி மூன்று நிமிடம். அதே நால்வர் முன் நின்றபடி. கல்லூரி முடிந்த பிறகு காலி வகுப்பறையில், நால்வரும் கடைசி பெஞ்சில் இருக்க, கரும்பலகை முன் நின்று. வகுப்பு நடக்கும்போது முன்பே தயார் செய்த ஒரே ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் ஆசிரியரிடம் கேட்பது. பிறகு வகுப்பு முன் மூன்று நிமிடம். அதற்கு மேல் முழு செமினார்.

ஒவ்வொரு படியையும் வேறு வேறு நாளில் மூன்று முதல் ஐந்து முறை செய்யுங்கள். பய மதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததும் அடுத்த படிக்குப் போங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பயம் உச்சத்தில் இருக்கும்போது "சாரி சார்" என்று சொல்லி உட்காராதீர்கள். உட்கார்ந்த நொடியில் கிடைக்கும் நிம்மதியை மூளை குறித்துவைத்துக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் சீக்கிரம் உட்காரச் சொல்லும். தடுமாறினாலும் இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லி, "தட்ஸ் ஆல் ஃபார் நௌ, தேங்க் யூ" என்று முடித்துவிட்டு உட்காருங்கள். அந்த இரண்டு வாக்கியம் தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு படியில் மூன்று முறையும் பயம் குறையவில்லை என்றால் படி பெரியது. ஆள் எண்ணிக்கையையோ நேரத்தையோ பாதியாக்குங்கள். தாளைப் பார்த்தே வாசித்துக்கொண்டிருந்தாலும், சுவரைப் பார்த்தே பேசினாலும் பயம் குறையாது. பேசியது மாதிரி இருக்கும், ஆட்களைச் சந்தித்திருக்க மாட்டீர்கள்.

எதைப் பற்றிப் பேசிப் பழகுவது?

"மை எய்ம் இன் லைஃப்" வேண்டாம். சொல்வதற்கு உண்மையில் ஒன்றும் இல்லாத தலைப்பில் மொழியும் வராது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்து, கேட்பவருக்குத் தெரியாததை எடுங்கள். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் என்ன வித்தியாசம், பெண்கள் கடலுக்குள் இறங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பது எப்படி, கருவாடு எத்தனை நாள் காய வேண்டும், வாலிநோக்கத்தில் உப்பு எப்படி விளைகிறது, பதநீர் கருப்பட்டியாகும் விதம், வாடைக்காற்றில் பாக் நீரிணைப் பக்கம் எப்படி இருக்கும், கச்சான் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் எப்படி இருக்கும். விஷயம் கையில் இருந்தால் மனதின் முழு இடமும் மொழிக்குக் கிடைக்கும்.

தொடக்கத்துக்கு நல்ல தலைப்பு பாம்பன் பாலம். பழைய ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பும்படி இருந்தது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2.08 கிலோமீட்டர், அதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி லிஃப்ட் போல நேராக 17 மீட்டர் மேலே எழும்பும். "த ஓல்ட் பிரிட்ஜ் ஓப்பன்ட் லைக் டூ டோர்ஸ். த நியூ பிரிட்ஜ் கோஸ் அப் லைக் எ லிஃப்ட்." இந்த இரண்டு வாக்கியத்திலிருந்து தொடங்கினால் நான்கு நிமிடம் பேசலாம். எண்கள் கையில் இருப்பது நல்லது. தடுமாறும்போது பிடித்துக்கொள்ள ஒரு கழி மாதிரி.

4-3-2 முறை என்கிறார்களே, அது என்ன?

ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் மூன்று முறை சொல்வது: முதல் ஆளிடம் 4 நிமிடம், இரண்டாம் ஆளிடம் 3 நிமிடம், மூன்றாம் ஆளிடம் 2 நிமிடம். கீத் மாரிஸ் 1983-இல் எழுதிய முறை. மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் இதைப் பரப்பியவர். எங்களைக் கேட்டால், பேச்சு சரளத்துக்கு இதை விடச் செலவு குறைந்த பயிற்சி கிடையாது.

தயாரிக்க 2 நிமிடம். அட்டையில் ஐந்து சொல் மட்டும் எழுதலாம், வாக்கியம் எழுதக்கூடாது. கேட்பவர் குறுக்கிட மாட்டார், திருத்த மாட்டார், முகத்தைப் பார்த்துத் தலையசைப்பார். முதல் சுற்றில் சொல்லைத் தேடித் தேடித்தான் பேசுவீர்கள். இரண்டாம் சுற்றில் அந்தச் சொற்கள் வாயில் இருக்கும். மூன்றாவதில் நேரம் பாதி என்பதால் தயங்க நேரம் இருக்காது. விஷயம் மாறாததால்தான் வேகம் வருகிறது.

கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. மூன்று முறையும் ஒரே ஆளிடம் சொன்னால் அவருக்குத் தெரிந்ததையே சொல்கிறோம் என்ற கூச்சத்தில் சுருக்கிவிடுவீர்கள், ஆள் மாற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் புதுச் செய்தி சேர்த்தால் பயன் போய்விடும். 4 நிமிடம் இப்போதைக்கு அதிகம் என்றால் 2, ஒன்றரை, 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் இருந்தால் இருவர் இருவராக அமர்ந்து, சுற்று முடிந்ததும் ஜோடி மாறலாம். நால்வரில் ஒவ்வொருவருக்கும் மூன்று ஜோடி கிடைக்கும். இரு பக்கமும் பேசினால் மொத்தம் 18 நிமிடம், தயாரிப்பும் இடம் மாறுவதும் சேர்த்து 25 நிமிடத்தில் முடியும்.

மனப்பாடம் செய்து பேசலாமா?

முதல் இரண்டு வாக்கியமும் கடைசி ஒரு வாக்கியமும் மனப்பாடமாக இருக்கட்டும். பயம் அதிகம் இருப்பது தொடக்கத்தில்தான். அந்த 20 விநாடியைக் கடக்க இது போதும். முழுவதையும் மனப்பாடம் செய்தால், சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்ததும் எல்லாம் அறுந்துவிடும். முதலிலிருந்து தொடங்கினால்தான் மறுபடி வரும் என்ற நிலை, மேடையில் மிகக் கொடியது. நடுப்பகுதிக்கு ஐந்து முதல் ஏழு சொல் எழுதிய அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் சொல் வராமல் நின்றுவிட்டால்?

மூன்று விநாடி அமைதி உங்களுக்கு யுகமாகத் தெரியும், கேட்பவருக்கு நிறுத்தற்குறி மாதிரிதான். அவசரப்படாமல் ஒரு மூச்சு விடுங்கள். பிறகு கீழ்வரும் வாக்கியங்களில் ஒன்றை எடுங்கள். இவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி பழகியிருக்க வேண்டும்:

"லெட் மீ சே தட் அகேன்." "வாட் ஐ மீன் இஸ்…" "ஐ டோன்ட் ரிமெம்பர் த எக்ஸாக்ட் வேர்ட், பட் இட் இஸ் யூஸ்ட் ஃபார்…" கேள்வி புரியவில்லை என்றால், "குட் யூ ரிப்பீட் த கொஸ்டின், ப்ளீஸ்?" பதில் யோசிக்க, "தட்ஸ் எ குட் கொஸ்டின், லெட் மீ திங்க் ஃபார் எ மொமென்ட்."

சொல் கிடைக்காவிட்டால் பொருளை விளக்கிக் கடந்துபோங்கள். நங்கூரத்துக்கு ஆங்கிலம் மறந்துவிட்டதா? "த ஹெவி அயர்ன் திங் தட் ஹோல்ட்ஸ் த போட்." போதும். சிலவற்றுக்கு நம் சொல்லையே வைத்து விளக்குவதுதான் முறை: "வீ கால் இட் வத்தை. இட் இஸ் எ ஸ்மால் கன்ட்ரி போட்." இது தோல்வி என்று நினைக்கிறவர்கள் உண்டு. நல்ல பேச்சாளர்கள் எல்லா மொழியிலும் செய்வது இதைத்தான்.

என் ஆங்கிலத்தில் ஊர்ப் பேச்சு அடிக்கிறது. உச்சரிப்பை மாற்ற வேண்டுமா?

ஊர் வாடை இருக்கட்டும். கேட்பவருக்குப் பொருள் மாறிப்போகும் இடங்களை மட்டும் திருத்துங்கள், அவை நாலைந்துதான்.

தமிழ் எழுத்தில் "பேக்" என்று ஒரே மாதிரி எழுதும் பை, பின்பக்கம், பொட்டலம் கட்டு ஆகிய மூன்று சொல்லும் ஆங்கிலத்தில் வேறு வேறு ஒலி. "பாம்பு" என்று சொல்லும்போது முதலில் வரும் ப-வையும் நடுவில் வரும் ப-வையும் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வருவதற்குத் தொண்டை அதிரும்; பை என்ற பொருள் தரும் சொல்லில் முதல் எழுத்துக்கு அந்த அதிர்வு வேண்டும். பொட்டலம் கட்டும் சொல்லுக்கு அதிர்வு கூடாது, வாய்க்கு முன் பிடித்த மெல்லிய தாள் அசையும் அளவு காற்று வர வேண்டும். இரண்டாவது, சொல் முடிவில் உகரம் சேர்ப்பது: புக்கு, லைட்டு, போட்டு. சேர்க்காமல் வெட்டி நிறுத்துங்கள். மூன்றாவது அழுத்தம், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தமிழில் அசைகளை ஏறக்குறைய சமமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்க வேண்டும். ஹோட்டலில் இரண்டாவது அசை, இன்ஜினியரில் கடைசி, ஃபோட்டோகிராஃபில் முதலாவது, ஃபோட்டோகிராஃபரில் இரண்டாவது. புதுச் சொல் கற்கும்போதே எந்த அசை ஓங்கும் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

"பீட்டர் விடுறா" என்று கேலி செய்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

இந்த ஒரு சொல் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கேலி செய்கிறவர்களிலும் பலருக்கு அதே பயம்தான்.

எல்லாரையும் திருத்தப் புறப்படாமல், நான்கு பேர் கொண்ட ஒரு குழு அமையுங்கள். விதி மூன்று: குழுவில் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது; பேசும்போது யாரும் திருத்தக்கூடாது; பேசி முடித்த பின் ஒரே ஒரு பிழையை மட்டும், கேட்டால்தான், சொல்ல வேண்டும். இடமும் நேரமும் மாறாமல் இருக்கட்டும், கடைசி பீரியடுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் உள்ள 25 நிமிடம் போதும். பஸ்ஸுக்குள் பயிற்சி வேண்டாம், அங்கேதான் கேலி பிறக்கிறது.

வீட்டில் தனி அறை இல்லாதவர்கள், குறிப்பாகப் பெண்கள், மாடியிலோ கொல்லையிலோ ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு பேசினால் யாரோடோ பேசுகிறார் என்றுதான் நினைப்பார்கள். யாரோடு என்று கேட்கும் வீடாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வாப்பாவோ (அப்பா) காக்காவோ (அண்ணன்) துபாயிலும் சவுதியிலும் இருக்கும் வீடுகள் நிறைய. அவர்கள் வேலையிடத்தில் பல நாட்டு ஆட்களோடு ஆங்கிலத்தில் பேசிச் சமாளிப்பவர்கள். வாரம் ஒரு நாள் அழைப்பில் முதல் ஐந்து நிமிடம் ஆங்கிலம் என்று கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். இலக்கணம் பார்க்காமல் பிழைப்புக்குப் பேசுகிற ஆங்கிலம் எப்படி ஓடுகிறது என்பதும் காதில் விழும்.

ராமேஸ்வரம் வரும் சுற்றுலாப் பயணிகளிடம் பேசிப் பழகலாமா?

நல்ல வழி. வடநாட்டிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, உங்களை எடைபோட மாட்டார்கள். வழி தெரிந்தால் போதும் அவர்களுக்கு. அக்னி தீர்த்தம் எங்கே, கோயிலுக்குள் 22 தீர்த்தம் ஆடும் வரிசை எங்கே தொடங்கும், தனுஷ்கோடிக்கு எந்தப் பக்கம் வண்டி ஏறுவது, இந்த மூன்றுக்கும் பதிலை முன்பே பழகிக்கொண்டு போங்கள். இரண்டு பேராக, பகலில் போங்கள், சொந்த ஃபோன் எண் கொடுக்க வேண்டாம். அவர் இந்தியில் பதில் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்தவரைப் பாருங்கள்.

ஃபோனில் இருக்கும் பேச்சுப் பயிற்சிச் செயலிகள் போதுமா?

முதல் இரண்டு படிக்கு உதவும். ஆனால் பயம் மனிதர்களைப் பற்றியது. ஃபோன் சிரிக்காது, முகம் சுளிக்காது. அதனால் அதனிடம் பேசி அந்தப் பயத்தைப் போக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் அங்கேயே நிற்காதீர்கள்.

ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் என்ன மாற்றலாம்?

முதலில் கணக்கு. 60 பேர் வகுப்பு, 50 நிமிடப் பீரியடு. நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் முழு நேரத்தையும் பகிர்ந்து கொடுத்தாலும் தலைக்கு 50 விநாடி. ஒவ்வொருவராக எழுப்பும் முறையில் யாருக்கும் பழக்கம் வராது, 59 பேர் முன்னால் நிற்கும் பயம் மட்டும் வரும். ஜோடியாகப் பேசவிட்டால் 30 பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். பத்து நிமிடத்தில் தலைக்கு ஐந்து நிமிடம். சத்தம் அதிகமாக இருக்கும். அந்தச் சத்தம் நல்லது, தன் குரல் தனியாகக் கேட்காது என்பதே பலருக்குத் தைரியம்.

கேள்வி கேட்டதும் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, "தெரியாது" என்பது குறைகிறது என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டார். இது தாய்மொழி வகுப்பில். இரண்டாம் மொழியில் ஐந்து, ஆறு விநாடி கொடுங்கள். கேள்வியைச் சொல்லி, அரை நிமிடம் எழுதவிட்டு, பக்கத்திலிருப்பவரிடம் சொல்லவிட்டு, அதன் பிறகு வகுப்புக்குக் கேளுங்கள். வாயில் ஒரு முறை வந்த பதில் இரண்டாம் முறை வர அஞ்சாது.

வருகைப் பதிவேட்டைத் திருப்பித் திடீரென்று பெயர் சொல்லி எழுப்புவதை விட்டுவிடுங்கள். யார் பேசப் போகிறார்கள் என்பதை முந்தின நாளே சொல்லுங்கள். பேச்சின் நடுவில் திருத்தாதீர்கள். அவர் "ஹீ கோ டு த சீ" என்றால், "ஓ, ஹீ கோஸ் டு த சீ, வென்?" என்று சரியான வடிவத்தை உங்கள் பதிலுக்குள் வைத்துத் திருப்பிச் சொன்னால் போதும். மற்ற பிழைகளைக் குறித்துவைத்து, யார் சொன்னது என்று காட்டாமல் கடைசியில் பொதுவாக எழுதிப்போடுங்கள். மதிப்பெண்ணில் உச்சரிப்புக்கும் இலக்கணத்துக்கும் ஒதுக்குவது போலவே, தடுமாறிய பிறகும் தொடர்ந்ததற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு வர முதல் பருவத்தில் அனுமதியுங்கள்.

நாளைக்கே வைவா. ஒரு ராத்திரியில் என்ன செய்ய முடியும்?

பயத்தைப் போக்க முடியாது, சேதத்தைக் குறைக்கலாம். கேட்க வாய்ப்புள்ள ஐந்து கேள்விக்கு இரண்டு வாக்கிய பதில் தயார் செய்து, நின்றபடி சத்தமாக மூன்று முறை சொல்லுங்கள். மேலே சொன்ன தப்பிக்கும் வாக்கியங்களில் இரண்டைப் பழகுங்கள். தூங்குங்கள். உள்ளே போனதும் வழக்கத்தை விட மெதுவாகப் பேசுங்கள். பயத்தில் நம் வேகம் தானாகக் கூடிவிடும், மெதுவாக என்று நினைத்தால்தான் சரியான வேகம் வரும்.

எத்தனை நாளில் சரியாகும்?

ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் 61 நாள் என்று ஒரு அளவு வைத்துக்கொள்ளச் சொல்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலம் இந்தக் கரையில் எல்லாருக்கும் கையில் எண்ணத் தெரிந்த நாள்கணக்கு. தினம் 15 நிமிடம் பேசினால் 61 நாளில் 15 மணி நேரத்துக்கு மேல் வரும். வகுப்பில் வாரம் இரண்டு முறை 50 விநாடி பேசுகிறவர் அந்த அளவைத் தொடப் பத்து வருடம் ஆகும். முதல் இரண்டு வாரம் பதிவும் வாய்ஸ் மெசேஜும், அடுத்த மூன்று வாரம் ஒருவரோடும் நால்வரோடும், மீதி நாள் நின்றபடி. ஞாயிறுதோறும் ஒரே தலைப்பில் ஒரு நிமிடப் பதிவு எடுத்து அழிக்காமல் வையுங்கள். ஐந்தாம் வாரம் முதல் பதிவைக் கேட்டால் வித்தியாசம் தெரியும். நடுவில் சில நாள் பின்னுக்குப் போனது மாதிரி இருக்கும். தூக்கம் கெட்ட நாளிலும் தேர்வு நெருங்கும்போதும் அப்படித்தான்.

நண்பர் ஒருவர் நடுக்கம் வராமல் இருக்க மாத்திரை தருகிறேன் என்கிறார். போடலாமா?

வேண்டாம். படபடப்பைக் குறைக்க மருத்துவர்கள் சில சமயம் தரும் ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரைகள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலை வரவழைக்கும். இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைத்துவிடும். மருத்துவர் பார்த்துத் தராமல் தொடக்கூடாது.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலையும் உண்டு. பயம் ஆங்கிலத்தோடு நிற்காமல் தமிழில் பேசவும், பிறர் முன் சாப்பிடவும், கடையில் ஒன்றைக் கேட்கவும் பரவியிருந்தால். அதற்காகக் கல்லூரிக்கே போகாமல் இருந்தால். ஆறு மாதமாக இப்படியே நீடித்தால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.